விலை உயர்ந்த கேமிங் கேபினெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அளவு நாடாவில் தொடங்கும் முழு வழிகாட்டி

கேமிங் கணினிக்குப் பட்டியல் போடுபவர்களில் பெரும்பாலோர், எல்லாப் பாகங்களையும் அடக்கும் பெட்டியான கேபினெட்டைக் கடைசி வரியில் எழுதுவார்கள். கையில் மிஞ்சும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அதுதான் கேபினெட். இன்னொரு வகையினர் நேர்எதிர். ஏதோ ஒரு படத்தைப் பார்த்து மயங்கிக் கண்ணாடிக் கேபினெட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் அடங்கும் பாகங்களைத் தேடி அலைவார்கள். இரு வழியிலும் பணம் வீணாகும். கேபினெட்டுக்கென்றே 15,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்கத் தயாராக இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

விளையாட்டின் வேகத்தில் ஒரு பிரேமைக்கூட (நொடிக்குத் திரையில் வரும் படங்களில் ஒன்றைக்கூட) கேபினெட் தானாகக் கூட்டித் தராது. பிறகு எதற்கு இவ்வளவு பணம்? தடையில்லாத காற்றோட்டத்துக்கும், வேலை செய்யும்போது கை நுழையும் இடத்துக்கும், இன்னும் சந்தைக்கே வராத அடுத்த கிராபிக்ஸ் கார்டு உட்காரப்போகும் வெற்றிடத்துக்கும்தான். இவை இல்லாமல் விலை மட்டும் உயர்ந்திருந்தால் அது கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் கொடுத்த பணம். அழகுக்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே.

நல்ல கேபினெட்டில் பணம் போடுவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அமைப்பின் அளவுகளும் திருகு ஓட்டைகளும்தான் இன்றைய மதர்போர்டுகளிலும் இருக்கின்றன. ப்ராசஸரும் கார்டும் நான்கைந்து ஆண்டுகளில் பழசாகிவிடும். ஒழுங்காகத் தேர்ந்தெடுத்த கேபினெட் அடுத்த கணினிக்கும், அதற்கடுத்ததற்கும் உதவும்.

படி 1: உள்ளே என்ன வரப்போகிறது? மில்லிமீட்டரில் எழுதுங்கள்

மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, கூலர், பவர் சப்ளை ஆகிய நான்கையும் முடிவு செய்துவிட்டு, அல்லது ஓரளவு முடிவுக்கு வந்துவிட்டு, கேபினெட்டைத் தேடத் தொடங்குங்கள். தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் எல்லா அளவுகளும் இருக்கும். கடைக்காரரின் “எல்லாம் அடங்கும் சார்” என்ற வார்த்தையை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மதர்போர்டில் சிக்கல் குறைவு. ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. இ-ஏடிஎக்ஸ் என்ற பெயரில் மட்டும் கவனம் தேவை. அதன் முழு அளவு 305 × 330 மி.மீ. ஆனால் கேமிங் போர்டுகளில் அந்தப் பெயரோடு வருபவை பலவும் 280 மி.மீ. அகலத்துக்குள் அடங்குபவை. அதனால் கேபினெட் விவரத்தில் “இ-ஏடிஎக்ஸ் பொருந்தும்” என்று இருந்தால், எத்தனை மி.மீ. அகலம் வரை என்று தேடிப் பாருங்கள். போர்டு உள்ளே போய்விட்டாலும், பக்கத்திலிருக்கும் கேபிள் ஓட்டைகளை அது மூடிவிடக்கூடும்.

உண்மையான தகராறு கிராபிக்ஸ் கார்டில்தான். ஒரே சிப்பைக் கொண்ட இரு கார்டுகளுக்கிடையே எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதற்கு ஆர்டிஎக்ஸ் 4090 நல்ல உதாரணம். என்விடியா தானே விற்ற கார்டின் நீளம் 304 மி.மீ., உயரம் 137, தடிமன் 61. அதே சிப்புடன் வந்த ஆசுஸ் ஆர்ஓஜி ஸ்ட்ரிக்ஸ் கார்டு ஏறத்தாழ 358 மி.மீ. நீளம், 149 உயரம், 70 தடிமன். எனவே “4090 அடங்குமா?” என்று கேட்பதில் பொருளில்லை. எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதுதான் கேள்வி.

நீளத்தைப் பார்க்கும்போது ஒரு பொடி எழுத்துக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். “அதிகபட்சக் கார்டு நீளம் 400 மி.மீ.” என்று கேபினெட் நிறுவனம் சொன்னால், பெரும்பாலும் அது முன்புறம் ரேடியேட்டர் (நீர்க்கூலரின் சூடான நீரை ஆற்றும் பகுதி) எதுவும் இல்லாத நிலையில் எடுத்த அளவு. வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., அதன்மேல் விசிறி 25 மி.மீ., மொத்தம் 52. முன்புறத்தில் இதை மாட்டப்போகிறீர்கள் என்றால் 400 என்பது 350க்குக் கீழே இறங்கிவிடும். இன்று வாங்கும் கார்டுக்கு மேல் 30 மி.மீ.யாவது சும்மா இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது கார்டின் உயரம். அதாவது மதர்போர்டிலிருந்து பக்கக் கண்ணாடியை நோக்கி அது நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. புதிய என்விடியா கார்டுகளில் உள்ள 16 முனை மின் இணைப்பியில் கேபிளைச் செருகியபின், முதல் 35 மி.மீ. தூரத்துக்காவது வளைக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. 4090 வந்த 2022இன் இறுதியில் இந்த இணைப்பிகள் உருகிய செய்திகள் பரவின. இணைப்பி முழுமையாக உள்ளே செருகப்படாதது முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. இப்போது கணக்குப் போடுங்கள்: 149 மி.மீ. உயரக் கார்டு, அதன்மேல் 35 மி.மீ. நேர்க்கேபிள், பிறகு அது திரும்புவதற்குக் கொஞ்சம் இடம். ஒல்லியான கேபினெட்டில் கண்ணாடியை மூடும்போது அது கேபிளை அழுத்தும். விவரப் பக்கத்தில் இந்த அளவு தனியாக இருக்காது. ஆனால் கூலர் உயரத்துக்கான இடம் 180 மி.மீ.யை ஒட்டி இருந்தால் கேபிளுக்கும் இடமிருக்கும் என்று தோராயமாக ஊகிக்கலாம். 160ஐ ஒட்டி இருந்தால் யோசியுங்கள்.

கூலரில் ஒரே ஒரு மி.மீ. ஆளைக் கவிழ்க்கும். நாக்டுவாவின் பழைய என்எச்-டி15 கூலர் 165 மி.மீ. உயரம். அதன் புதிய ஜி2 பதிப்பு 168. லியான் லியின் ஓ11 டைனமிக் ஈவோ கேபினெட்டில் கூலருக்கான இடம் 167 மி.மீ. பழையது அடங்கும், புதியது கண்ணாடியில் இடிக்கும்.

பவர் சப்ளையின் அகலமும் உயரமும் 150 × 86 மி.மீ. என்று நிலையானவை. நீளம் மட்டும் 140இலிருந்து 200 மி.மீ. வரை மாறும். 1,000 வாட்டுக்கு மேற்பட்டவற்றில் நீளமானவை அதிகம். கேபிள் செருகி வளைய இன்னும் ஐந்து செ.மீ. தேவை. அந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க் கூண்டு இருந்தால் அது கழற்றக்கூடியதா என்று பாருங்கள்.

படி 2: உங்கள் அறையின் வெப்பத்தைக் கணக்கில் சேருங்கள்

கேபினெட் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிரூட்டப்பட்ட அறையில், இருபது சொச்சம் டிகிரியில் எடுத்த அளவுகளைத் தருகின்றன. மே மாதச் சென்னையில் ஏசி ஓடாத அறை 34, 35 டிகிரியில் இருக்கும். ஐரோப்பாவில் “போதும்” என்று பெயரெடுத்த கேபினெட் இங்கே திணறுவது இதனால்தான். மதிப்புரையைப் படிக்கும்போது “கார்டு 68 டிகிரி” என்ற எண்ணை விட்டுவிட்டு, “அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி” என்ற எண்ணைத் தேடுங்கள். அதோடு உங்கள் அறையின் வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதன் பின்னாலுள்ள இயற்பியல் எளிமையானது. ஆர்டிஎக்ஸ் 5080 கார்டு 360 வாட் வரை இழுக்கும். ப்ராசஸர், போர்டு, மெமரி எல்லாம் சேர்த்தால் விளையாடும்போது 500 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 500 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். நிமிடத்துக்கு 100 கன அடி காற்று கேபினெட்டுக்குள் நுழைந்து வெளியேறினால், அந்தக் காற்று ஏறத்தாழ 9 டிகிரி சூடாகி வெளியே வரும். காற்று பாதியாகக் குறைந்தால் 18 டிகிரி. அறை 34 என்றால், காற்று பாதியாகக் குறைந்த கேபினெட்டை விட்டு வெளியேறும் காற்று 52 டிகிரியில் இருக்கும். உள்ளேயிருக்கும் கூலர்கள் அந்த அளவுக்குச் சூடேறிக்கொண்டிருக்கும் காற்றை வைத்துத்தான் கார்டையும் ப்ராசஸரையும் குளிர்விக்க வேண்டும். வெப்பம் ஏற ஏறக் கார்டு தன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளும், விசிறிகள் இரைச்சலிடும். கேபினெட் பிரேமைக் கூட்டித் தராது என்றேன். திருடக்கூடும்.

5090 போல 575 வாட் இழுக்கும் கார்டு என்றால் இந்தக் கணக்கை இன்னும் கடுமையாகப் போடுங்கள்.

எவ்வளவு விலை கொடுத்தாலும் கேபினெட் வெப்பத்தை அழிக்காது, உங்கள் அறைக்குள் தள்ளிவிடும். ஒரு டன் ஏசி அகற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கை 500 வாட் கணினி விழுங்கிவிடும். சிறிய மூடிய அறையில் விளையாடுபவர்கள் கேபினெட்டுக்கு அடுத்தபடியாக ஜன்னலைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

படி 3: காற்றுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். உயர் விலைக் கேபினெட்டுகளை வடிவத்தை வைத்துப் பிரிப்பதைவிட, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை வைத்துப் பிரிப்பது நல்லது.

முதல் வகை, முன்முகம் முழுவதும் வலையாக இருப்பது. ஸ்வீடன் நிறுவனமான ஃபிராக்டல் டிசைன் 2021இல் கொண்டுவந்த டாரன்ட் இதன் உச்சம். முன்னால் 38 மி.மீ. தடிமனில் இரண்டு 180 மி.மீ. விசிறிகள், அடியில் மூன்று 140 மி.மீ. விசிறிகள், ஐந்தும் கேபினெட்டோடு வருகின்றன. அடியில் இருந்திருக்க வேண்டிய பவர் சப்ளையை மேலே ஏற்றிவிட்டார்கள். அதனால் அடிப்பக்க விசிறிகள் நேராகக் கார்டின் வாயில் காற்றை ஊட்டுகின்றன. காற்றுக் கூலர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேபினெட் குறைவு. விலையாக நீங்கள் இடத்தைக் கொடுக்க வேண்டும்: 544 மி.மீ. நீளம், 530 மி.மீ. உயரம், காலியாகவே 11 கிலோ. இன்னொன்று, மேற்புறத்தில் ரேடியேட்டர் மாட்ட வழியே கிடையாது. நீர்க்கூலர் ரசிகர்கள் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதுண்டு.

இதே நிறுவனத்தின் மெஷிஃபை 2, கோர்செயரின் 5000டி ஏர்ஃப்ளோ ஆகியவையும் முன்வலைக் குடும்பம்தான். மேற்புறத்திலும் ரேடியேட்டர் ஏற்கும். பலருக்கு இந்த நடுவழி போதும்.

இரண்டாவது வகை, முன்னும் பக்கமும் கண்ணாடியாக இருக்கும் இரட்டை அறைக் கேபினெட். தைவானின் லியான் லி, டெர்பாவர் என்று அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கருடன் (கணினிப் பாகங்களை வரம்புக்கு மேல் வேகமாக ஓட்டுவதில் வல்லவர்) சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஓ11 டைனமிக், இந்த வடிவத்துக்கு ஒரு தலைமுறையையே அடிமையாக்கியது. இன்று கடைகளில் கண்ணாடி மீன்தொட்டிபோல வரிசையில் நிற்கும் கேபினெட்டுகளில் பாதி அதன் வாரிசுகள். பவர் சப்ளையும் கேபிள்களும் பின்னறையில் ஒளிந்துகொள்ளும். அதனால் அகலம் கூடும். ஈவோ 285 மி.மீ. அகலம். முன்னால் கண்ணாடி இருந்தால் காற்று எப்படி வரும்? அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இழுத்து, மேலேயும் பின்னாலும் தள்ள வேண்டும். அடிப்பக்க விசிறிகள் இருந்தால் கார்டு குளுகுளுவென்று இருக்கும். அவற்றை மாட்டாமல் விட்டால் கார்டு திணறும். இதில் பலரும் சறுக்குகிறார்கள்: கேபினெட்டின் விலையைப் பார்த்துவிட்டு விசிறிக்குப் பணம் ஒதுக்காமல் விடுவது. இந்த வகையில் பல மாடல்களில் ஒரு விசிறிகூட வராது.

மூன்றாவது வகை, முகப்பு மூடப்பட்டு உள்ளே ஒலி உறிஞ்சும் பட்டை ஒட்டிய அமைதிக் கேபினெட். ஃபிராக்டல் டிஃபைன் 7 நன்கு செய்யப்பட்ட ஒன்று. குளிர்நாட்டில் இதற்கு இடம் உண்டு. நம் வெப்பத்தில், 400 வாட் கார்டோடு, இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மூடிய முகப்பு காற்றைத் தடுக்கும், விசிறிகள் அதை ஈடுகட்ட வேகமாகச் சுற்றும், அடக்க நினைத்த ஒலி அந்த வழியாகவே திரும்ப வரும். நல்ல வலை முகப்பில் மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள் பெரும்பாலும் இதைவிட அமைதியாக இருக்கும்.

கூடத்தில் வைக்கப்போகிறவர்கள், வீட்டில் மற்றவர்களின் ரசனைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள், ஃபிராக்டல் நார்த்தைப் பாருங்கள். முகப்பில் மரச் சட்டங்கள், அவற்றின் இடைவெளி வழியே காற்று. 447 மி.மீ. நீளந்தான். முன்விசிறிகளோடு 355 மி.மீ. கார்டு வரை அடங்கும். மேலே சொன்ன ஸ்ட்ரிக்ஸ் கார்டு மூன்று மி.மீ.யில் இதற்குள் போகாது என்பதையும் கவனியுங்கள்.

படி 4: நீர்க்கூலர் என்றால் ரேடியேட்டர் எங்கே?

“360 மி.மீ. ரேடியேட்டர் பொருந்தும்” என்ற வரி 360 மி.மீ. இடத்தைக் குறிப்பதில்லை. மூன்று 120 மி.மீ. விசிறிகள் சேர்ந்ததால் அந்தப் பெயர். இருபுறத் தொட்டிகளையும் சேர்த்து உண்மையான நீளம் 400 மி.மீ.யை ஒட்டி வரும். தடிமனிலும் எல்லாம் ஒன்றல்ல. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் III ரேடியேட்டர் 38 மி.மீ. தடிமன், விசிறியோடு 63. வழக்கமான 52க்கு அளந்து வைத்த மேற்புறத்தில் இது மெமரியின் தலையில் இடிக்கும். மேற்புறத்தில் மாட்டுவதாக இருந்தால், கேபினெட்டின் கூரைக்கும் மதர்போர்டின் மேல்விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம், ரேடியேட்டர் மாட்டும் சட்டம் போர்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்ற இரண்டையும் பாருங்கள். நல்ல கேபினெட்டுகளில் அந்தச் சட்டம் கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும்.

பக்கவாட்டிலோ முன்னாலோ நிமிர்த்தி மாட்டினால், பம்ப் இருக்கும் இடம் மொத்தச் சுற்றிலும் மிக உயரமான இடமாக இருக்கக் கூடாது. காற்றுக் குமிழி எப்போதும் உச்சிக்குத்தான் போகும். அது பம்பில் போய்த் தேங்கினால் முனகலும் தேய்மானமும் மிஞ்சும். ரேடியேட்டரின் மேல்முனை பம்புக்கு மேலே இருக்கட்டும். குழாய்கள் கீழ்ப்பக்கமாக வருமாறு மாட்டினால் இன்னும் நல்லது, குழாய் எட்டினால்.

படி 5: கார்டை நிமிர்த்தி வைக்க ஆசையா?

ஹைட் ஒய்60 போன்ற கேபினெட்டுகளில் கார்டு கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பார்க்க அழகுதான். அதன் விசிறிகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு இடம் என்பதுதான் விஷயம். சாதாரணக் கேபினெட்டில் தனியாக வாங்கிய தாங்கியை மாட்டி மூன்றரை ஸ்லாட் தடிமனுள்ள கார்டை நிமிர்த்தினால், விசிறிகள் கண்ணாடியை முத்தமிடும் தூரத்துக்கு வந்துவிடும். அது மூச்சு முட்டும். இதற்கென்றே வடிவமைத்த கேபினெட்டுகள் கார்டைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துகின்றன. ஆனால் அவற்றில் மதர்போர்டின் மற்ற விரிவாக்க ஸ்லாட்டுகளைப் பயன்படுத்துவது கடினம்.

நிமிர்த்துவதற்கு, கார்டையும் போர்டையும் இணைக்கும் நீட்டிப்புக் கேபிளான ரைசர் தேவை. பிசிஐஇ (கார்டு போர்டில் இணையும் முறை) 4.0 தர ரைசரில் 5.0 கார்டை மாட்டினால் திரை கறுத்துப்போவதும் கணினி உறைவதும் நேரலாம். மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் அந்த ஸ்லாட்டை நான்காம் தலைமுறைக்குக் கைமுறையாக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளையாட்டில் இழப்பு மிகச் சிறியது. ஒரு நடைமுறைச் சிக்கல்: நிமிர்த்துவதற்கு முன்பே, கார்டை நேரடியாகப் போர்டில் செருகி அந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள். திரையே வராதபோது பயாஸுக்குள் போவது எப்படி?

ரைசர் என்பது அலங்காரப் பொருள் அல்ல, மின்சாரம் போகும் பாதை. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 கேபினெட்டில் ரைசரைச் சட்டத்தோடு பிணைத்த இரு திருகுகள் மின்குறுக்கை உண்டாக்கித் தீப்பிடிக்க வாய்ப்பிருந்தது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு 2021 பிப்ரவரியில், அந்நாட்டில் மட்டும் சுமார் 32,000 கேபினெட்டுகள் திரும்ப அழைக்கப்பட்டன. புகழ்பெற்ற பெயர் என்பதற்காக யாரும் முதல் மாதத்திலேயே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. புதிய வடிவமைப்பு என்றால் ஆறு மாதம் பொறுத்திருப்பது எனக்கு உகந்த வழி.

படி 6: விசிறிகள்

விசிறியின் விட்டம் 120 மி.மீ.யிலிருந்து 140 ஆனால் பரப்பு 36 விழுக்காடு கூடும். 180 ஆனால் இரண்டேகால் மடங்கு. அதே அளவு காற்றைப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே தந்துவிடும். எனவே 140 மி.மீ. ஏற்கும் கேபினெட் எனக்கு எப்போதும் ஒரு படி மேல்.

விளம்பரத்திலுள்ள காற்றளவை அப்படியே நம்பாதீர்கள். நாக்டுவாவின் என்எஃப்-ஏ12எக்ஸ்25 விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 60 கன அடி காற்றைத் தரும் என்றால், அது எதிரே எதுவும் இல்லாத வெட்டவெளியில். வலைக்கும் தூசி வடிகட்டிக்கும் பின்னால் அது வெகுவாகக் குறையும், இரவில் யாரும் அதை முழு வேகத்தில் ஓட்டப்போவதுமில்லை. முன்னே படி 2இல் சொன்ன 100 கன அடிக்கு இரண்டு விசிறிகள் போதாது என்பது இதிலிருந்து விளங்கும். மூன்று உள்ளே இழுக்க, ஒன்றோ இரண்டோ வெளியே தள்ள என்பது குறைந்தபட்சம்.

ஓ11 ஈவோவில் அடி, பக்கம், மேல் என மும்மூன்றும் பின்னால் ஒன்றுமாகப் பத்து விசிறிகள் மாட்டலாம். நல்ல ஒளிரும் விசிறிகளாகப் பத்து வாங்கினால் கேபினெட்டின் விலையை அவை தொட்டுவிடும். இதையும் சேர்த்து விலை ஒப்பிட்டால், விசிறிகளோடு வரும் “விலை அதிகமான” கேபினெட் சில சமயம் மலிவாக முடியும்.

படி 7: தூசி, உப்புக்காற்று, பல்லி

உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றைவிடச் சற்றே அதிகமாக இருக்கட்டும். அப்போது கேபினெட்டின் இடுக்குகள் வழியே காற்று வெளியே கசியும். தூசி வடிகட்டி வழியாக மட்டுமே நுழைய வேண்டியிருக்கும். எதிர்மாறாக இருந்தால் ஒவ்வொரு இடுக்கும் தூசியை உறிஞ்சும் வாய்.

வடிகட்டிகள் இருக்கின்றனவா என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கமாக உருவலாம் என்று பாருங்கள். அடிப்பக்க வடிகட்டியைப் பின்னாலிருந்து இழுக்க வேண்டிய கேபினெட்டைச் சுவரோரம் வைத்திருப்பவர் யாரும் அதை மாதந்தோறும் கழுவியதில்லை. முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ உருவும்படி இருந்தால் கழுவுவீர்கள். பிரதான சாலையை ஒட்டிய வீடுகளில் மாதம் ஒருமுறைகூடப் போதாமல் போகும்.

கடற்கரையை ஒட்டி வாழ்பவர்கள் உட்புறத் திருகுக் குழிகளையும் வெட்டு விளிம்புகளையும் பாருங்கள். பூச்சு உரிந்த இடத்தில்தான் துரு தொடங்கும். பின்புறத்தில் பயன்படுத்தாத ஸ்லாட்டுகளின் மூடிகளைத் தொலைத்துவிடாதீர்கள். அந்த இடைவெளி பல்லிக்குப் போதும். சூடான பவர் சப்ளை அருகே அது குடியேறினால் பல்லிக்கும் நல்லதல்ல, மதர்போர்டுக்கும் நல்லதல்ல.

படி 8: தகடு, கண்ணாடி, கைவேலை

மலிவான கேபினெட்டின் எஃகுத் தகடு அரை மி.மீ.யைச் சற்றே தாண்டும். நல்லவற்றில் 0.8 முதல் 1 மி.மீ. வரை இருக்கும். காட்சிக்கு வைத்த கேபினெட் கிடைத்தால், பக்கக் கதவைக் கழற்றி எதிரெதிர் மூலைகளைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். நெளிந்தால் விசிறியின் அதிர்வும் அதில் கேட்கும். சென்னை ரிச்சி தெருவில் இதைச் செய்தால் முறைக்கமாட்டார்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மதர்போர்டுத் தட்டுக்குப் பின்னால் கேபிளுக்கு 25 மி.மீ.யாவது இடம் வேண்டும். இல்லையென்றால் பின்கதவை முழங்காலால் அழுத்தி மூடுவீர்கள். ஆசுஸின் பிடிஎஃப், எம்எஸ்ஐயின் ப்ராஜெக்ட் ஜீரோ போன்ற, எல்லா இணைப்பிகளும் பின்புறமுள்ள மதர்போர்டுகளுக்கு ஆசைப்பட்டால், தட்டில் அதற்கான வெட்டுகள் உள்ள கேபினெட் கட்டாயம்.

டைப்-சி துளை முன்னால் இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், உங்கள் போர்டில் அதற்குரிய இணைப்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

கனமான கார்டு தொங்காமல் இருக்கத் தாங்கி ஒன்று வேண்டும். உயர் விலைக் கேபினெட்டுகளில் பலவற்றில் கூடவே வருகிறது.

படி 9: யாருக்கு எது?

காற்றுக் கூலரும் பெரிய கார்டும், ஏசி இல்லாத அறையும் என்றால் டாரன்ட் அல்லது அதைப் போன்ற முழுவலை. 360 மி.மீ. நீர்க்கூலர் என்றால் மேற்புறம் தாராளமாக உள்ள முன்வலைக் கேபினெட். பார்க்க அழகாக இருக்க வேண்டும், பத்து விசிறிக்கும் பணம் இருக்கிறது, மேசை அகலமாக இருக்கிறது என்றால் ஓ11 குடும்பம்; ஆனால் அடிவிசிறிகளைக் கைவிடாதீர்கள், கம்பளத்தின் மீது வைக்காதீர்கள். இரண்டு கணினிகளை ஒன்றாக அடக்கும் கோர்செயர் 1000டி போன்ற, வெறும் பெட்டியாகவே 29 கிலோ எடையுள்ள பூதங்கள் ஒளிபரப்புத் தொழில் செய்பவர்களுக்கும் தனிக் குழாய் போட்டு நீர்க்கூலர் கட்டுபவர்களுக்கும். மாடிப்படி ஏற்றுவது யார் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு கேபினெட்டுகளுக்கிடையே தயங்கினால், நம் நாட்டில் உதிரி கிடைப்பதைப் பாருங்கள். உடைந்த கண்ணாடியும் பழுதான விசிறிக் கட்டுப்பாட்டுப் பலகையும் இங்குள்ள விநியோகஸ்தரிடம் கிடைக்கவில்லை என்றால், உலகின் மிகச் சிறந்த கேபினெட்டும் ஓராண்டுக்குப் பிறகு அட்டையால் மூடப்பட்டு நிற்கும்.

படி 10: வீட்டுக்கு வந்தபின்

பெட்டியைத் திறப்பதிலிருந்து காணொளி எடுங்கள். கடினக் கண்ணாடி நடுவில் எவ்வளவு வலிமையோ விளிம்பில் அவ்வளவு பலவீனம். டைல்ஸ் தரையில் ஓரம் லேசாகப் பட்டாலே முழுக் கண்ணாடியும் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். பாகங்களை மாட்டும்வரை கண்ணாடிகளைக் கட்டில்மேல் படுக்க வையுங்கள்.

ஓடத் தொடங்கியபின் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? கேபினெட் மீது பழி போடாதீர்கள். பவர் சப்ளையின் மின்வடிகட்டி வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எர்த் வழியாகப் போக வேண்டியது. சுவரிலுள்ள மூன்றாவது துளையில் எர்த் இணைப்பு இல்லாதபோது அது உங்கள் விரலைத் தேடுகிறது. எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டிக் கார்டின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விசிறி வேகத்தை மாற்றாமல், அதே காட்சியை மீண்டும் ஓட்டுங்கள். வேறுபாடு இரண்டு மூன்று டிகிரி என்றால் கேபினெட் மூச்சுவிடுகிறது. எட்டு, பத்து டிகிரி என்றால் முதலில் அடியில் அல்லது முன்னால் விசிறியைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பரணில் பத்திரமாக இருக்கட்டும்.